லினக்ஸில் ஓடும் சாக்கெட் நிரல் விண்டோஸிலும் மேக்கிலும் வேறு விதமாக நடந்துகொள்கிறது

தராசுமுள் கேட்டது:

வணக்கம். லாரி எடைமேடை ஒன்றின் காட்டும் கருவியிலிருந்து எடையைப் படித்து, டிசிபி சாக்கெட் (பிணைய இணைப்பின் ஒரு முனை) வழியாக அலுவலகக் கணினிகளுக்கு அனுப்பும் சிறு நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதியிருக்கிறேன். சர்வர் மேடைக்கு அருகிலுள்ள 64 பிட் லினக்ஸ் கணினியில் ஓடுகிறது. எடையைப் பெறும் கிளையன்டையும் லினக்ஸில்தான் எழுதிச் சோதித்தேன். பல மாதங்களாக எந்தத் தொல்லையும் இல்லை. இப்போது கணக்குப் பிரிவில் உள்ள விண்டோஸ் கணினிகளிலும், மேலாளரின் பழைய மேக் ஒன்றிலும் அதே கிளையன்டை ஓட்ட வேண்டியிருக்கிறது.

விண்டோஸுக்காக அதன் சாக்கெட் இடைமுகமான வின்சாக்கின் ஹெடர் கோப்பைச் சேர்த்தேன், தொடக்கத்தில் டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்அப்பை அழைத்தேன், குளோஸ் என்றிருந்த இடங்களில் குளோஸ்சாக்கெட் என்று மாற்றினேன். கம்பைலர் ஒரு பிழையும் காட்டவில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் கீழ்க்கண்டவை நடக்கின்றன.

லாரி மேடையில் ஏறி நிற்பதற்கு அவகாசம் தரவேண்டும் என்பதால், தரவு வரும்வரை 5 வினாடி காத்திருக்குமாறு எஸ்ஓ_ஆர்சிவிடைமியோ என்ற சாக்கெட் விருப்பத்தை அமைத்திருக்கிறேன். விண்டோஸில் ஒரு வினாடிகூட ஆகாமல், தரவைப் படிக்கும் ரிசீவ் தோற்றுத் திரும்பிவிடுகிறது. ஏன் என்று அறிய, பிழை எண்ணை வைக்கும் எர்நோவை அச்சிட்டால் 0 என்றே வருகிறது. சர்வர் நின்றிருக்கும்போது கிளையன்டைத் திறந்தால், லினக்ஸில் உடனே “இணைய முடியவில்லை” என்ற செய்தி வரும்; விண்டோஸிலோ, இணைப்பின் முடிவுக்காகக் காத்திருக்க நான் அழைக்கும் செலக்ட் திரும்பி வருவதே இல்லை, நிரல் அப்படியே நின்றுவிடுகிறது. தப்பித்தவறி இணைந்துவிட்டால், முதல் எடை வெறுமையாகக் காட்டப்படுகிறது. இரண்டாவது செய்தியின் நீளம் 808464432 என்று வந்து, அவ்வளவு நினைவகம் ஒதுக்க முடியாமல் நிரல் நின்றுபோகிறது. எடையைக் கிராம் கணக்கில், முன்னால் சுழியங்கள் நிரப்பி 20 இலக்கங்களாக அனுப்புகிறேன். அதற்கு முன்னால் நீளத்தை மட்டும் ஒரு லாங் மாறியில் அனுப்புகிறேன்.

மேக்கில் எடை சரியாக வருகிறது. ஆனால் சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கினால், அடுத்த ஒப்புகையை அனுப்பும்போது கிளையன்ட் ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்துவிடுகிறது. அனுப்பும்போது நான் தரும் எம்எஸ்ஜி_நோசிக்னல் என்ற கொடி அந்த மேக்கின் ஹெடர்களில் இல்லை என்று கம்பைலர் சொன்னதால் அதை 0 என்று வரையறுத்திருந்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

இவற்றை ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதா, அல்லது அடிப்படையிலேயே வேறு முறையில் எழுத வேண்டுமா என்பதே என் கேள்வி.


நொச்சி எழுதியது:

அறிகுறிகளைத் துல்லியமாக எழுதியதற்கு நன்றி. 808464432 என்ற எண்ணைப் பார்த்ததுமே பாதி விடை தெரிந்துவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதிப் பாருங்கள்: 30 30 30 30. ஆஸ்கி அட்டவணையில் 30 என்பது ‘0’ என்ற எழுத்து. அதாவது தாங்கள் நீளம் என்று படித்தது, முந்தைய எடையின் கடைசி நான்கு சுழியங்களை. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் என்பது 8 பைட். 64 பிட் விண்டோஸில் அது 4 பைட்தான். சர்வர் 20 என்ற நீளத்தை 14 00 00 00 00 00 00 00 என்று எட்டு பைட்டாக அனுப்புகிறது. விண்டோஸ் கிளையன்ட் முதல் நான்கை மட்டும் எடுத்து, “நீளம் 20” என்று சரியாகவே புரிந்துகொள்கிறது. இங்கே அது தற்செயலாகச் சரியாக அமைந்ததுதான் தங்களைக் குழப்பியிருக்கும். மீதமுள்ள நான்கு சுழிய பைட்டுகள் எடையின் தொடக்கமாகிவிடுகின்றன. சி மொழியில் சரம் சுழிய பைட்டோடு முடிந்துவிடும் என்பதால் முதல் எடை வெறுமையாகத் தெரிகிறது. நான்கு பைட் பின்தங்கியதால் எடையின் வால் அடுத்த செய்தியின் தலையாகிறது. கம்பியில் போகும் எதற்கும் லாங், இன்ட் போன்ற வகைகளை நம்பாதீர்கள். எங்கும் 4 பைட்டாகவே இருக்கும் யூஇன்ட்32_டி வகையில் வைத்து, எச்டிஓஎன்எல் கொண்டு பிணைய வரிசைக்கு (உயர்மதிப்பு பைட் முதலில்) மாற்றி அனுப்புங்கள். ஸ்ட்ரக்ட்டை (பல மாறிகளின் தொகுப்பை) அப்படியே தூக்கி அனுப்பும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அதன் உறுப்புகளுக்கிடையே சேரும் இடைநிரப்பு பைட்டுகள் கம்பைலருக்குக் கம்பைலர் மாறக்கூடும்.

அடுத்து, 5 வினாடி. லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்ஓ_ஆர்சிவிடைமியோவுக்கு டைம்வால் என்ற ஸ்ட்ரக்ட்டைத் தரவேண்டும். விண்டோஸில் மில்லிவினாடியைக் குறிக்கும் டிவோர்ட் என்ற 4 பைட் எண்ணைத் தரவேண்டும். விருப்பத்தை அமைக்கும் செட்சாக்ஆப்ட்டுக்குச் செல்வது வெறும் சுட்டி என்பதால் கம்பைலரால் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. தாங்கள் தந்த ஸ்ட்ரக்ட்டின் முதல் நான்கு பைட் 05 00 00 00. விண்டோஸ் அதை 5 மில்லிவினாடி என்று படித்துக்கொண்டது. 5000 என்ற டிவோர்டைத் தந்தால் சரியாகிவிடும் என்றாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸில் இவ்வாறு காலம் கடந்து தோற்ற சாக்கெட்டின் நிலை உறுதியற்றது, அதை மேற்கொண்டு பயன்படுத்தக்கூடாது என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. தாங்களோ ஐந்து வினாடிக்கு ஒருமுறை தோற்று, அதே சாக்கெட்டில் மீண்டும் படிக்கிறீர்கள். அதனால் இந்த விருப்பத்தையே கைவிட்டு, தரவு வந்திருக்கிறதா என்று செலக்ட்டில் காத்திருந்து, வந்த பின் ரிசீவை அழைப்பது மூன்று தளத்துக்கும் பொதுவான வழி.

எர்நோ 0 என்று வருவதில் வியப்பில்லை. வின்சாக் தன் பிழைகளை எர்நோவில் எழுதுவதே இல்லை. டபிள்யூஎஸ்ஏகெட்லாஸ்ட்எரரை அழைத்துத்தான் கேட்க வேண்டும். இதில் இன்னொரு பொறி உண்டு. விசுவல் ஸ்டுடியோ 2010 முதல் விண்டோஸின் எர்நோ ஹெடரிலும் ஈவுட்பிளாக் (இப்போது முடியாது, பொறு), ஈகான்ரீசெட் (இணைப்பு அறுந்தது) போன்ற பிழைப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் எண்கள் வேறு. அந்த ஹெடரில் ஈவுட்பிளாக் 140. வின்சாக் தருவது 10035. பெயர் இருப்பதால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒப்பீடு ஒருநாளும் உண்மையாகாது. 2010க்கு முன் இதே தவறைச் செய்திருந்தால் கம்பைலர் “அப்படி ஒரு பெயரே இல்லை” என்று அப்போதே நிறுத்தியிருக்கும். அந்த வகையில் பழைய கம்பைலரே நமக்கு உதவியாக இருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.


பழைய_கம்பைலர் எழுதியது:

நண்பர் நொச்சி விட்ட இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

செலக்ட் திரும்பாதது வின்சாக்கின் மிகப் பழைய வேறுபாடு. காத்திருக்காத சாக்கெட்டில் கனெக்டை அழைத்தால் யுனிக்ஸ் வழிவந்த தளங்கள் ஈஇன்பிராக்ரஸ் (இணைந்துகொண்டிருக்கிறது) என்று சொல்லும். விண்டோஸ் 10035 என்று சொல்லும், அதாவது ஈவுட்பிளாக்கின் வின்சாக் வடிவம். பின்னர் இணைப்பு வெற்றியானாலும் தோல்வியானாலும் லினக்ஸ் அந்தச் சாக்கெட்டை, செலக்ட்டுக்குத் தரும் மூன்று தொகுதிகளில் “எழுதலாம்” என்பதில் காட்டிவிடும். நாம் கெட்சாக்ஆப்ட் வழியே எஸ்ஓ_எரர் என்ற பிழை நிலையைப் பார்த்து எது என்று முடிவுசெய்வோம். விண்டோஸில் வெற்றி மட்டுமே எழுதும் தொகுதியில் வரும். தோல்வி மூன்றாவதான விதிவிலக்குத் தொகுதியில் வரும். தாங்கள் அந்த இடத்தில் நல் (NULL, எதுவுமில்லை) என்று தந்திருப்பீர்கள், கால வரம்பும் தந்திருக்க மாட்டீர்கள். தோல்விச் செய்தி வந்து நிற்க வாசலே இல்லை. எல்லாத் தளத்திலும் அந்தச் சாக்கெட்டை இரு தொகுதியிலும் போட்டு, எதில் வந்தாலும் எஸ்ஓ_எரரைப் பார்த்தால், தளத்துக்குத் தளம் பிரித்து எழுதவேண்டிய தேவையே இராது.

“செலக்ட் பழசு, அதே வேலையைச் செய்யும் போல் (poll) பயன்படுத்தலாமே” என்று யாரேனும் சொல்லக்கூடும். விண்டோஸ் விஸ்டாவில் டபிள்யூஎஸ்ஏபோல் என்று ஒன்று வந்தது. பெயரும் ஸ்ட்ரக்ட்டும் யுனிக்ஸின் போலைப் போலவே இருந்தன. தோற்ற கனெக்டை மட்டும் அது தெரிவிக்காது. அந்தக் குறை விண்டோஸ் 10இன் 2004ஆம் பதிப்பில்தான் திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய விண்டோஸ் ஒன்றாவது கணக்குப் பிரிவில் இருக்கும் என்று நான் துணிந்து சொல்வேன். எனவே செலக்டே போதும். விண்டோஸில் செலக்ட் தொகுதி என்பது சாக்கெட்டுகளின் பட்டியல், இயல்பாக 64 மட்டுமே கொள்ளும். லினக்ஸில் அது பிட்டுகளின் வரிசை, 1024க்குக் குறைவான எண்ணுள்ள கோப்புக்குறிகளை மட்டுமே கொள்ளும். ஒரே ஒரு சாக்கெட்டை வைத்திருக்கும் கிளையன்டுக்கு இரண்டுமே தடையல்ல.

மேக்கில் மறைவதற்கு அந்த 0 தான் காரணம். எதிர்முனை மூடிய இணைப்பில் எழுதினால் யுனிக்ஸ் தளங்கள் சிக்பைப் என்ற சிக்னலை அனுப்பும். அதைக் கையாளாத நிரல் அங்கேயே முடிந்துவிடும். லினக்ஸில் எம்எஸ்ஜி_நோசிக்னல் அதைத் தடுத்தது. தாங்கள் மேக்கில் அதை 0 ஆக்கியபோது கம்பைலரின் வாயை அடைத்தீர்கள். காப்பும் கூடவே போய்விட்டது. மேக்கில் சாக்கெட்டை உருவாக்கியவுடன் எஸ்ஓ_நோசிக்பைப் விருப்பத்தை அமைக்க வேண்டும். விண்டோஸில் இந்தச் சிக்னலே கிடையாது. முழு நிரலும் தங்களுடையது என்பதால், தொடக்கத்தில் சிக்பைப்பைப் புறக்கணிக்குமாறு ஒரு வரி எழுதிவிட்டாலும் போதும்; பிறர் நிரலுக்குள் சேரும் லைப்ரரி எழுதுபவர்தான் அப்படிச் செய்யக்கூடாது.

இத்தனை வேறுபாடு ஏன் என்று கேட்டால், காலம்தான் காரணம். இந்தச் சாக்கெட் இடைமுகம் 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்போடு வந்தது. அங்கே சாக்கெட்டும் ஒரு கோப்புதான், ரீட், ரைட், குளோஸ் எல்லாம் அதற்கும் பொருந்தும். வின்சாக் 1.1 வெளியான 1993இல், அன்றைய விண்டோஸில் டிசிபி/ஐபி என்பது வெவ்வேறு நிறுவனங்கள் தனித்தனியே விற்ற டிஎல்எல் (நிரல் ஓடும்போது அதோடு சேரும் லைப்ரரி). சாக்கெட் கோப்பாக இருக்க வழியில்லை. டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்அப், குளோஸ்சாக்கெட், தனிப் பிழை எண்கள் எல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடுகள். அந்த விண்டோஸ் போய் முப்பது ஆண்டுகள் ஆகியும் நாம் அவற்றைச் சுமந்துகொண்டிருக்கிறோம்.


கடலாடி எழுதியது:

இருவர் சொன்னதும் சரி. ஆனால் இவ்வளவையும் ஒருவர் தன் கையால் எழுத வேண்டுமா என்பதே என் ஐயம். லிப்யூவி என்ற லைப்ரரி, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸுக்காக எழுதப்பட்டது; எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது; லினக்ஸில் ஈபோல், மேக்கில் கேக்யூ, விண்டோஸில் ஐஓசிபி என்று அந்தந்தத் தளத்தின் சிறந்த வழியை அதுவே தேர்ந்துகொள்கிறது. மேலே சொன்ன பொறிகளில் பெரும்பாலானவற்றில் அவர்கள் முன்பே விழுந்து எழுந்துவிட்டார்கள். நாம் மீண்டும் விழ வேண்டியதில்லை. கேட்டவர் நாளை ஒரே நேரத்தில் 200 கணினிகளுக்கு எடையை அனுப்ப வேண்டி வந்தால் சர்வரிலும் இதே சிக்கல் தலைதூக்கும்.

சர்வரை ஒருநாள் விண்டோஸுக்கு மாற்றினால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எஸ்ஓ_ரியூஸ்அட்ரஸ் லினக்ஸில் செய்வது, சற்றுமுன் மூடிய சர்வரை, டைம்_வெய்ட் என்ற காத்திருப்பு நிலை முடியும்வரை காத்திராமல் அதே போர்ட்டில் மீண்டும் திறக்க அனுமதிப்பது. விண்டோஸில் அதே பெயர், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிரலின் போர்ட்டையே பங்குபோட அனுமதித்துவிடும். சர்வரை அறியாமல் இருமுறை திறந்தால் இரண்டும் பிழையின்றி ஓடும். எந்த இணைப்பு எதனிடம் போகும் என்று சொல்ல முடியாது. விண்டோஸில் அதை விட்டுவிட்டு, எஸ்ஓ_எக்ஸ்க்ளூசிவ்அட்ரஸ்யூஸ் அமைக்க வேண்டும்.


நொச்சி எழுதியது:

லிப்யூவி நல்ல லைப்ரரி என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அதை எடுத்துக்கொண்டால் நிரலின் போக்கையே மாற்ற வேண்டும். “படி, காத்திரு, ஒப்புகை அனுப்பு” என்று வரிசையாகச் செல்லும் தர்க்கத்தைப் பல கால்பேக் (நிகழ்வு நடந்ததும் லைப்ரரி அழைக்கும்) துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரே இணைப்பை வைத்திருக்கும் சில நூறு வரிக் கிளையன்டுக்கு அது மிகை. அதோடு, 808464432 சிக்கலை எந்த லைப்ரரியும் தீர்த்திருக்காது. அது நாம் வகுத்த செய்தி வடிவத்தின் குறை.

என் பரிந்துரை, தளம் சார்ந்த அனைத்தையும் ஒரே கோப்புக்குள் அடைப்பது. தொடங்கு, மூடு, காத்திருக்காத நிலைக்கு மாற்று, இத்தனை மில்லிவினாடிக்குள் இணை, இத்தனை மில்லிவினாடிக்குள் இத்தனை பைட் படி, முழுவதையும் அனுப்பு என்று ஆறேழு ஃபங்ஷன்கள். தள வேறுபாட்டுக்கான இஃப்டெஃப் அந்தக் கோப்புக்கு வெளியே ஓரிடத்திலும் தலைகாட்டக்கூடாது. அதைவிட முக்கியம், பிழை எண்களும் வெளியே வரக்கூடாது. 10035, ஈவுட்பிளாக், ஈஅகெய்ன் மூன்றையும் உள்ளேயே “பொறு” என்ற தங்கள் சொந்த எண்ணாக மாற்றிவிடுங்கள். 10054, ஈகான்ரீசெட், ஈபைப் ஆகியவற்றை “அறுந்தது” என்று மாற்றிவிடுங்கள். சிக்னல் குறுக்கிட்டு ஈஇன்ட்ர் வந்தால் அதை உள்ளேயே மீண்டும் முயன்றுவிடுங்கள். மேலே உள்ள நிரலுக்கு அந்த இரண்டு நிலைகளும் “வேறு பிழை” என்ற மூன்றாவதும் போதும்.

சாக்கெட்டின் வகையையும் அந்தக் கோப்பிலேயே ஒரு டைப்டெஃபாக (வகைக்கு நாம் தரும் பெயராக) வையுங்கள். விண்டோஸில் சாக்கெட் என்பது குறியில்லா எண், 64 பிட் தளத்தில் 8 பைட்; அதை இன்ட்டில் அடக்கி, “சுழியத்துக்குக் குறைவா” என்று பார்ப்பது முறையல்ல, இன்வாலிட்_சாக்கெட்டோடு ஒப்பிட வேண்டும். வின்சாக்2 ஹெடர் விண்டோஸ் ஹெடருக்கு முன்னால் வரவேண்டும் என்பதைத் தாங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் கம்பைலர் இவ்வளவு அமைதியாக இருந்திருக்காது.


தராசுமுள் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நொச்சி அவர்கள் சொன்னபடி தனிக் கோப்பு எழுதினேன். 180 வரிக்குள் முடிந்தது. நீளத்தை 4 பைட்டாக, பிணைய வரிசையில் மாற்றியதும் எடை சரியாக வருகிறது. மேக்கில் சர்வரை மூன்று முறை நிறுத்தித் தொடங்கிப் பார்த்தேன். கிளையன்ட் “அறுந்தது” என்று அறிந்து தானே மீண்டும் இணைகிறது.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. சோதனைக்காகச் சர்வரையும் அதே விண்டோஸ் கணினியில் ஓட்டி, அதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் இணைத்தால், ஏறக்குறைய 2 வினாடி தாமதித்தே இணைகிறது. லினக்ஸில் இது கண்ணுக்கே தெரிவதில்லை. பெயருக்குரிய முகவரிகளைத் தேடும் கெட்அட்ரின்ஃபோ தருபவற்றை ஒன்றன்பின் ஒன்றாக முயல்கிறேன்.


பழைய_கம்பைலர் எழுதியது:

கெட்அட்ரின்ஃபோ தந்த பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள். முதலில் ஐபிவி6 முகவரியான ::1, அடுத்து ஐபிவி4 முகவரியான 127.0.0.1 இருக்கும். தங்கள் சர்வர் ஐபிவி4இல் மட்டுமே காத்திருக்கிறது. ஆகவே ::1 முயற்சிக்கு மறுப்பு வருகிறது. லினக்ஸ் மறுப்பு வந்த கணமே தோல்வி என்று சொல்லிவிடும். விண்டோஸ் மறுப்பை உடனே ஏற்காமல், சற்று இடைவெளிவிட்டு மீண்டும் சில முறை தட்டிப் பார்த்த பிறகே கைவிடும். அந்த 2 வினாடி அதற்குச் செலவானது.

சோதனைக்கு மட்டும் என்றால் 127.0.0.1 என்றே எழுதிவிடலாம். முறையாகச் செய்வதென்றால் சர்வரை ஐபிவி6 சாக்கெட்டில் திறந்து, ஐபிவி6_வி6ஒன்லி விருப்பத்தை வெளிப்படையாக 0 ஆக்குங்கள். அப்போது ஒரே சாக்கெட் இருவகை இணைப்புகளையும் ஏற்கும். லினக்ஸில் அது பெரும்பாலும் இயல்பாகவே 0. விண்டோஸில் இயல்பாக 1. இதை எழுதாமல் விட்டால் லினக்ஸில் வேலை செய்து விண்டோஸில் பாதி இணைப்புகள் வராமல் போகும். ஓபன்பிஎஸ்டியில் இதை 0 ஆக்கவே முடியாது, இரண்டு சாக்கெட் திறந்தே ஆகவேண்டும். எடைமேடையருகே ஓபன்பிஎஸ்டி வைப்பவர் எவரும் இரார் என்று நம்புகிறேன்.

கிளையன்ட் பக்கத்தில், ஒரு முகவரி முழுதும் தோற்கும்வரை காத்திராமல், சிறிது நேரம் கழித்து அடுத்ததையும் இணையாகத் தொடங்கும் முறை ஆர்எஃப்சி 8305 என்ற இணையத் தர ஆவணத்தில் இருக்கிறது; அது பரிந்துரைக்கும் இடைவெளி 250 மில்லிவினாடி. தங்கள் தேவைக்கு அது வேண்டியதில்லை.


தராசுமுள் எழுதியது:

பட்டியலில் ::1 தான் முதலில் இருந்தது. சர்வரை ஐபிவி6 சாக்கெட்டுக்கு மாற்றி, அந்த விருப்பத்தை 0 ஆக்கினேன், தாமதம் மறைந்துவிட்டது. கடலாடி அவர்கள் சொன்னதையும் சோதித்தேன். விண்டோஸில் சர்வரை இருமுறை திறந்தபோது உண்மையாகவே இரண்டும் ஓடின, எடை ஒருமுறை ஒன்றிலும் மறுமுறை மற்றொன்றிலும் பதிவானது. எஸ்ஓ_எக்ஸ்க்ளூசிவ்அட்ரஸ்யூஸ் போட்ட பிறகு இரண்டாவது திறக்க மறுக்கிறது.